அம்பயர் கொடுத்த நோ பால்

எஸ்டோனியாவில் வேலை பார்த்தபோது அந்த நாட்டு டி20 அணிக்காகச் சில ஆட்டங்கள் ஆடியிருக்கிறேன். மனைவி தேவிப்பிரியா இறந்தபின் ஆவடிக்குத் திரும்பினேன். வீட்டிலேயே கிடந்த என்னை அவள் தம்பி தமிழரசு ஒரு ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டு மைதானத்துக்கு இழுத்துப்போனான். "எங்க மாமா இன்டர்நேஷனல் பிளேயர்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

டென்னிஸ் பந்து ஆட்டம்தான். நான் சந்தித்த முதல் பந்திலேயே நடு ஸ்டம்ப் சாய்ந்தது.

பந்து போட்ட லோகு இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். "இன்னா அண்ணாத்தே, உங்க நாட்ல ஸ்டம்ப்பே வைக்க மாட்டாங்களா?"

"பதினோரு பேர் தேறாம இவர இட்டுக்கினு போயிருப்பாங்க மாமே," என்றான் கீப்பர்.

பல மாதங்களுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

அதற்குள் தமிழரசு லோகுவிடம் ஓடிப்போய்க் கிசுகிசுத்தான். எனக்கும் கேட்டது. "அக்கா போய் இன்னும் வருசம் திரும்பலடா."

லோகுவின் சிரிப்பு நின்றது. அவன் அம்பயரைப் பார்த்தான். அம்பயர் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். "நோ பால். திரும்பி வாங்க சார்."

"நல்ல பந்துதான். நான் அவுட்," என்றேன்.

"பரவால்ல சார், ஆடுங்க," என்றான் லோகு, என் முகத்தைப் பார்க்காமல்.

மறுத்தால் அவளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். திரும்பிப்போய் நின்றேன்.

அடுத்த பந்து குழந்தைக்குப் போடுவதுபோல் மெதுவாக வந்தது. சிக்ஸர் அடித்தேன். எதிரணியும் சேர்ந்து கைதட்டியது. நான் தலையைக் குனிந்தபடி, சமமாக இருந்த மண்ணையே மட்டையால் தட்டிக்கொண்டிருந்தேன்.