படத்தில் பெற்ற பிள்ளைகள்

முதல் படம் வெளியான மறுநாள் காலை அப்பா வேஷம் போட்ட நடிகரின் வீட்டுக் கதவைத் தட்டியது அவருக்கு மகனாக நடித்த பையன் அல்ல. படத்தில் இருந்த மகனேதான். தலை முதல் கால் வரை கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்துப் படங்களின் வேகத்திலேயே விடுவிடுவென்று உள்ளே வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். நடிகரின் மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்து, "முதல்ல கையக் கழுவு" என்றாள். கழுவியும் சாயம் போகவில்லை.

நடிகருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் பிறந்தபோதே அப்பா முகம். கதாநாயகன் வேஷம் கேட்டுப் போனவரைப் பார்த்ததும் இயக்குநர் சட்டென்று எழுந்து சிகரெட்டை மறைத்தார். அன்றே தலையெழுத்து முடிவாகிவிட்டது. அதன்பின் ஏழை அப்பா, பணக்கார அப்பா, கண் தெரியாத அப்பா என்று படத்துக்குப் படம் அப்பாதான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது. குழந்தை இல்லாத வீடு என்று உச்சுக்கொட்டிய தெரு, ஜன்னல் கண்ணாடி உடைகிறது என்று சண்டைக்கு வந்தது.

மனைவிக்கு ஒரே குறை. எல்லாம் ஊமைப்படத்துப் பிள்ளைகள். வாய் அசையும், சத்தம் வராது. "ஒண்ணாவது என்னை அம்மான்னு கூப்பிட்டுக் கேக்கணுங்க" என்பாள்.

பேசும் படம் வந்தது. மற்ற நடிகர்கள் தங்கள் குரலை நினைத்துக் கதிகலங்கினார்கள்; இவர் துள்ளிக் குதித்தார். "எந்த அப்பாவா இருந்தாலும் சரி, பேசுற பொண்ணா இருக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்று வேஷம் வாங்கினார்.

படம் வெளியான மறுநாள் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி வந்தாள். மனைவி அடுப்பை விட்டு ஓடிவந்தாள். சிறுமி அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்து மூடினாள். சத்தமே இல்லை. மனைவி சமையலறைக்குத் திரும்பினாள். நடிகர் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அவள் பாலை இறக்கும்போது, வாய் மூடி நின்ற சிறுமியிடமிருந்து கணீரென்று வந்தது:

"அம்மா!"

அந்தப் படத்தில் வாயசைவுக்கு வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வரும். தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள்.

"இவ்வளவு நேரமா அத வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டிருந்தியாடி!" என்று அவளை அள்ளிக்கொண்டாள் மனைவி. பால் முழுக்கத் தரையில். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தெருவுக்கும் பழகிவிட்டது. தபால்காரர் அந்தப் பெண்ணிடம் "அப்பா இருக்காராம்மா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து பதிலை வாங்கிக்கொள்வார்.