எந்த ஊருக்கு?

சேரங்கோட்டுக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஜீப் வந்தாலே நான் கதவைச் சாத்திக்கொள்வேன். தொண்ணூறில் சிலோன் சண்டைக்குத் தப்பி மன்னாரில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய நாளிலிருந்து இப்படித்தான். என் அக்கா மாரியாயி அதற்குப் பல வருஷம் முன்பே இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி இந்திய பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு வந்தவள். அவளுக்கு எஸ்டேட்டில் வேலையும் வீடும் உண்டு. அவள் வீட்டில் ஒண்டிக்கொண்ட எனக்கும் என் புருஷன் சங்கிலிக்கும் இருந்ததெல்லாம் ஆளுக்கொரு அகதிச் சீட்டு.

சங்கிலிக்குப் பயம் கிடையாது, அல்லது வாய் அதை மறைத்துவிடும். இந்தப் பக்கத்து ஆட்களின் பேச்சைக் கேலி பண்ணுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. "எல்லாச் சொல்லுக்கும் 'ங்க'ன்னு ஒரு வால் ஒட்டுறானுவ. எனக்கு ஒட்டாது புள்ள" என்பார்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு பேச்சு பரவியது. சீட்டு வைத்திருக்கிறவர்களைக் கப்பலில் திருப்பி அனுப்புகிறார்களாம். யூனியன்காரர் நெல்சனிடம் போய்க் கேட்டேன்.

"உயிருக்குப் பயந்து வந்தவங்களை வலுக்கட்டாயமாத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு உலக நாடுகள் கூடிச் சட்டம் எழுதியிருக்கு" என்றார்.

"இந்தியாவும் கையெழுத்துப் போட்டிருக்கா?"

"அதுல போடல. ஆனா விருப்பம் கேட்டுட்டுத்தான் அனுப்பணும்னு இப்ப ஏற்பாடு. அகதிகளுக்கான வெளிநாட்டு ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வரும். ஒவ்வொருத்தரையும் தனியாக் கேட்கும். கூட அதிகாரி இருக்கக் கூடாது, புருஷன் பொண்டாட்டிகூட இருக்கக் கூடாது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கக் கூடாதுங்கிறதுக்குத்தான்."

நல்ல சட்டந்தான். ஆனால் தனியாக என்ற சொல்தான் என்னைப் பிடித்து உலுக்கியது.

ஜீப் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைமடுவத்தைக் காலி பண்ணி மேஜை போட்டார்கள். நாங்கள் ஒன்பது பேர். சங்கிலி நாலாவதாகப் போனார். ஐந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஒரே கேள்விதான். ஊருக்குப் போக விருப்பமான்னு கேட்டாங்க. விருப்பம்னு அடிச்சுச் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கும் மூச்சு வந்தது. உள்ளே போனேன். வெள்ளைக்கார அம்மாவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க லிங்கசாமி என்று ஒரு கோயமுத்தூர்க்காரர் இருந்தார்.

"ஒக்காருங்க. உங்க ஊருக்குப் போறதுக்கு விருப்பமுங்களா?"

விருப்பம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வது பயந்தாங்கொள்ளிகளின் பழக்கம். அதுதான் அன்று என்னைக் காப்பாற்றியது.

"எந்த ஊருக்கு ஐயா?"

"உங்க ஊருக்குத்தானுங்க. சிலோனுக்கு."

அங்கே எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் ஊர் என்றால் ஒன்றுதான். அது கடலுக்கு இந்தப் பக்கம், தாத்தன் மூட்டை கட்டிப் புறப்பட்ட இடம். சங்கிலிக்கு அது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். கண்ணால் பார்த்ததில்லை. அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்று நினைத்து, இந்த மனுஷன் தன்னையே கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஐயா, ஊருன்னா எங்களுக்கு சிலோன் இல்ல. ஊருன்னா இந்தியா. என் புருஷனும் அதை நினைச்சுத்தான் விருப்பம்னுட்டாரு" என்று கத்தினேன்.

லிங்கசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாவிடம் வேகமாக என்னவோ சொன்னார். அந்த அம்மா முன்னால் எழுதிய நாலு தாளையும் தனியே எடுத்து வைத்தது. பிறகு லிங்கசாமி சொன்னார்: "நீங்க சொல்லி உங்க ஊட்டுக்காரரு பதிலை மாத்த முடியாதுங்க. அவரே வந்து சொல்லோணும். நாலு மணிக்கு ஜீப் கெளம்பீருமுங்க."

மணி மூன்றரை. வெளியே ஒருவர் பட்டியலைப் பார்த்து முதல் நாலு பெயரையும் வாசித்தார்; கடைசியாக, "சங்கிலி, மறுபடி வாங்க!" என்று கூப்பிட்டார். மற்ற மூன்று பேரும் வந்தார்கள். சங்கிலி வரவில்லை. பெயரைக் கேட்டதுமே தேயிலைக்குள் இறங்கி ஓடியதாக அக்கா சொன்னாள்.

எனக்குக் காரணம் தெரியும். வவுனியாவில் ராணுவத்துக்காரர்கள் அவர் தம்பி காளிமுத்துவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனான், வந்தான். மறுநாள் அதே பெயரை மறுபடி கூப்பிட்டார்கள். போனான். இன்றுவரை வரவில்லை.

மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் ஓடுவார். அதனால் வாயை மூடிக்கொண்டு நிரை நிரையாகத் தேடினேன். ஓடைக்கரைச் செடிக்குக் கீழே குந்தியிருந்தார். வாயாடி மனுஷன் பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது தடவை கூப்பிடுறாங்க புள்ள."

"அது வவுனியாவுல. இவங்க கேட்டது சிலோனுக்குப் போறியான்னு. நீ சரின்னு சொல்லிட்டு வந்திருக்க."

அது புரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எழுந்தார். என் கையை விடாமல் மேலே ஏறினார்.

வாசலில் லிங்கசாமி கை நீட்டித் தடுத்தார். "தனியாத்தானுங்க வரோணும்."

"நான் கூட நிக்கிறேனே ஐயா."

"கூடாதுங்க. உங்களுக்காகத்தான் அந்தச் சட்டமே."

சங்கிலியின் விரல்களை ஒவ்வொன்றாக நானே விடுவித்தேன். கதவைச் சாத்தினார்கள். பலகையில் காதை வைத்துக்கொண்டேன்.

"சிலோனுக்குத் திரும்பிப் போறதுக்கு உங்களுக்கு விருப்பமுங்களா?"

ஜீப்காரன் இன்ஜினைப் போட்டுவிட்டான். சொல்லித் தொலையேன் மனுஷா என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அவர் குரல் வந்தது. இரண்டு வருஷமாக அவர் கேலி பண்ணிய வாலோடு வந்தது.

"இல்லீங்க. போகலீங்க. இங்கயே இருக்கேனுங்க."

எனக்கு அழுகை பீறிட்டது. பேனா கீறுகிற சத்தம் கேட்கும்வரை கதவை விட்டு நான் நகரவில்லை.