பிரேமலா கைப் போணி

யோங் பெங் ஊரில் பிரேமலா காலையில் எந்தக் கடையில் முதல் ஆளாகச் சாமான் வாங்குகிறாளோ, அந்தக் கடை பதினோரு மணிக்குள் காலியாகிவிடும். கொரோனா அடைப்பு முடிந்து கடைகள் மறுபடி திறந்த வருஷம்தான் இது முதலில் தெரியவந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து அவள் இரண்டு ரொட்டி சானாய் பொட்டலம் கட்டச் சொன்னாள். ஒன்பது மணிக்குள் பிசைந்த மாவு தீர்ந்தது. நெடுஞ்சாலையில் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்கள் ஒரு காரணமும் இல்லாமல் ஊருக்குள் திரும்பி வந்து நிற்க, பயணிகள் இறங்கி வரிசை பிடித்துக் குழம்பு வாளியை வழித்தார்கள். கடைசியில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் மேஜைமேல் இருந்த உப்புக் குப்பியை விலைக்குக் கேட்டார், லியாக்கத் அலி கொடுத்தும் விட்டார். அடுத்த வாரம் ஹார்டுவேர் கடையில் எலிப்பொறி ஒன்று வாங்கினாள். குளுவாங்கிலிருந்து ஒருவர் லோரி கொண்டுவந்து கடையிலிருந்த ஏணிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார், எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் குடை வாங்கிய அன்று கடையிலிருந்த குடை அத்தனையும் போயிற்று. சாயங்காலம், குடை வாங்கியவர்கள் நடந்த தெருக்களில் மட்டும் மழை பெய்தது. ஆகவே காசு வீணாகிவிட்டது என்று யாரும் குறை சொல்லவில்லை.

கைராசிக்காரர் முதல் போணி பண்ணினால் வியாபாரம் ஓடும் என்பது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும்கூட யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, காலி அலமாரியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். ஆனால் ஒருவரும் அவளைக் கூவி அழைக்கவில்லை. கூப்பிட்டு வாங்கும் ராசி நிலைக்காது என்று ஊருக்கே ஒரு எண்ணம். காலையில் வாசலைக் கூட்டி, நல்ல சரக்கை முன்னால் வைத்து, வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருப்பார்கள். வீட்டில் எது தீர்ந்திருக்கிறதோ அந்தக் கடைக்கு அவள் போவாள். போனாலும் சும்மா வாங்கிவிட மாட்டாள், பேரம் பேசுவாள். ஒரு கட்டுக் கீரைக்கு அவள் போடும் சண்டையைக் கேட்க இரண்டு கடை தள்ளி இருப்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். தோற்றுப்போன கடைக்காரர் சந்தோஷமாகத் தோற்பார். ஒரே ஒரு தடவை, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் இறந்த துக்கத்துக்கு ஊதுபத்தி வாங்கலாம் என்று சவப்பெட்டிக் கடைப் பக்கம் அவள் காலையிலேயே நடந்துவிட்டாள். கடைக்காரர் ஆ சோங் அவளைத் தூரத்தில் பார்த்ததும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பின்வாசல் வழியாக ஓடிவந்து கும்பிட்டார். தனக்கு ஒரு அவசரமும் இல்லை, தன்னிடம் வரவேண்டியவர்கள் தாங்களாகவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று மலாயில் சொல்லி, ஊதுபத்தியை இனாமாகவே கொடுத்தனுப்பினார். அதிலிருந்து அவள் எதிர்ச்சாரியில்தான் நடப்பாள்.

இதெல்லாம் ஊர் முழுக்கத் தெரிந்தும் தெரியாத ஒரே ஆள் அவள் புருஷன் ஜெயபாலன். செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இருட்டோடு போய் இருட்டோடு வருவான், வந்தால் புத்தகம். பணக்காரனாவது எப்படி, தொழிலில் ஜெயிப்பது எப்படி, தூங்கும்போதும் சம்பாதிப்பது எப்படி என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சுவர் முழுக்க அடுக்கியிருந்தான். எல்லா அட்டையிலும் கோட்டுப் போட்ட ஒருவர் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். பிரேமலா அவர்களைக் கோட்டு மாமா என்பாள். படித்ததோடு நிற்கிற ஆள் இல்லை ஜெயபாலன், செய்தும் பார்த்தான். சீனர்கள் சூப்புக்கு நல்ல விலை கொடுத்து வாங்கும் கூடுகளைக் கட்டும் பறவைகளை வரவழைக்க மாடியில் ஒலிபெருக்கி வைத்துக் குருவிச் சத்தம் போட்டான். குருவிகள் வந்தன, சுற்றிப் பார்த்தன, எதிர்வீட்டு மாடியில் கூடு கட்டின. மருந்துக்கு விற்கலாம் என்று தொட்டியில் அட்டைப்பூச்சி வளர்த்தான், அவை அவனைத் தவிர வேறு யாரையும் கடிக்க மறுத்துவிட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், ஜெயபாலன் படித்தது அட்டைக்கும் உதவவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லியாக்கத் அலிதான் வாய் தவறி உளறினார். "உன் வீட்டுக்காரம்மா எங்க கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு லா ஜெயா. காலைல வந்து ஒரு ரொட்டி வாங்கினா நான் ஹஜ்ஜுக்கே போயிடுவேன்." ஜெயபாலன் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். வீட்டுக்கு ஓடிவந்து, பத்து வருஷமாகக் கோடு போட்டு வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்தான். உன் கண்ணெதிரே இருக்கும் சொத்தைக் கண்டுபிடி, அதைப் பெருக்கு, வேலையை விடு என்று அங்கே எழுதியிருந்தது. மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தான். வேலையை விட்டுவிட்டு, சேமிப்பில் ஒரு கார் வாங்கி, பஸ் நிலையத்துக்கு மேலே ஓர் அறை பிடித்து, 'பிரேமலா போணி எண்டர்பிரைஸ்' என்று பலகை மாட்டினான். முன்பதிவு செய்தால் பிரேமலா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கடைக்கு வந்து முதல் சாமான் வாங்குவாள், அதற்குக் கட்டணம். இனி குடும்பத்தின் சோறு அவள் கையில் என்று ஆயிற்று. அவள் முதலில் சிரித்தாள். புருஷன் இவ்வளவு உற்சாகமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை, பாவம், இதையாவது செய்துகொடுப்போமே என்று நினைத்தாள்.

ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. பொந்தியானிலிருந்து, பத்து பகாட்டிலிருந்து, ஜொகூர் பாருவிலிருந்தெல்லாம் அழைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு காலைதான் இருக்கிறது என்பதுதான் ஜெயபாலனுக்கு வருத்தம். குக்குப்பில் படகேறி இந்தோனேசியாவின் கரிமுன் தீவுக்குப் போனால் அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் ஓடுகிறது, ஆகவே இன்னொரு காலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டான். பிரேமலாவுக்குப் படகென்றால் வாந்தி வரும், அதனால் அது நடக்கவில்லை. அட்டவணைப்படி அவள் மெத்தை வாங்கினாள், டயர் வாங்கினாள், மீன் தொட்டி வாங்கினாள், ஆண்பிள்ளைகள் போடும் பூட்ஸ் வாங்கினாள். கட்டணம் வாங்கியாயிற்று, இனி பேரம் பேசினால் மரியாதை இல்லை என்று ஜெயபாலன் சொல்லியிருந்தான். ஆகவே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தாள். வாங்கிய சாமான் கூடத்தில் மலையாகக் குவிந்தது, சோபாவுக்குப் போக வழி விட்டு ஒற்றையடிப் பாதைபோல் ஒன்று வைத்திருந்தார்கள். பதினோரு மணிக்குக் காலியான கடைகள் மெல்ல மெல்ல ஒரு மணிக்குக் காலியாயின, பிறகு சாயங்காலம் ஆறுக்கு. களைப்பு என்று ஜெயபாலன் முடிவு கட்டி அவளுக்கு விட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். ஜொகூர் பாருவில் ஒரு செமினாரில் மேடையேறி, கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த அவளைக் கைகாட்டி, "இதோ, என்னோட பெரிய அசெட்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். பிரேமலா மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செனாயில் விமான நிலையம் போகும் சாலையில் புதிதாக ஒரு பெரிய பேரங்காடி திறந்தார்கள். அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது. சிங்க நடனக்காரர்கள் வேஷம் கட்டி நின்றார்கள், பலூன் கட்டியிருந்தார்கள், முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். பிரேமலா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"என்னம்மா, எதையாவது எடு லா. எல்லாரும் பாக்கறாங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. நெசமாவே ஒண்ணும் வேணும்னு தோணல."

"தோணாட்டி என்னா? எது கைல படுதோ அத எடு!"

தூசி உறிஞ்சும் மிஷின் ஒன்று பக்கத்தில் இருந்தது, எடுத்தாள். வீட்டில் அதே மாதிரி இரண்டு இருந்தன. காசு கொடுத்தாள், கைதட்டினார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள். ஒருவரும் வரவில்லை. சாலையில் நூற்றுக்கணக்கில் கார்கள் போயின. அங்கே ஒரு கட்டடம் இருந்ததையே பார்க்கவில்லை, வெறும் செம்பனை மரத் தோட்டம்தான் தெரிந்தது என்று அந்த வழியாகப் போனவர்கள் பிற்பாடு சொன்னார்கள். தானியங்கிக் கதவு ஒரு நாய்க்காகத் திறந்தது, நாயும் மனசு மாறிப் போய்விட்டது. சிங்கத்தின் பின்பாதியாக இருந்தவர் சாயங்காலம் வரை குனிந்தபடியே நின்றார். திரும்பி வரும்போது காரில் பிரேமலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் உங்க பொண்டாட்டியா, அசெட்டா? அத மட்டும் சொல்லுங்க." இதற்குப் பதில் அவன் படித்த எதிலும் இல்லை. யோசித்து யோசித்து, சிம்பாங் ரெங்கம் தாண்டும்போது, "ரெண்டும்தான் மா" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரைக்கும் பேசவில்லை, வீட்டுக்கு வந்தபிறகும் பல மாதம் பேசவில்லை.

கை அத்தோடு செத்துப்போயிற்று. மறுநாள் அவள் பசாரில் மீன் உருண்டை வாங்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. லியாக்கத் அலி கடையில் ரொட்டி வாங்கினாள், மதியம்வரை மாவு அப்படியே கிடந்து புளித்தது. ஊரில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னதெல்லாம் ஜெயபாலனைத்தான். ஊர் ராசியைக் கூறு கட்டி விற்றுக் கெடுத்த மடையன் என்று மூன்று மொழியிலும் பேசினார்கள். அறை போயிற்று, கார் போயிற்று. தொழிற்சாலையில் கெஞ்சிக் கேட்டு, பழைய வேலைக்கு இரண்டு படி கீழே ஒரு வேலையில் சேர்ந்தான். ராத்திரி சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கும், அவள் அறைக்குள் இருப்பாள். புத்தகங்கள் சுவரில் அப்படியே இருந்தன. திறந்து பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. ஊர் பேசியதுகூடப் பரவாயில்லை, இவள் பேசாமலிருப்பதுதான் அவனைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் லியாக்கத் அலி கடைக்கு எதிரே கூடும் காலைச் சந்தையில் படுதா விரித்து, கூடத்திலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்தான். எல்லாம் தீர்ந்தபிறகு ஒரு ஞாயிறு கோட்டு மாமாக்களைக் கொண்டுவந்து பரப்பினான்.

யாரும் சீந்தவில்லை. வெயில் ஏறுமுன், மீன் வாங்கக் கூடையோடு பிரேமலா அந்தப் பக்கம் வந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கூடை நின்றது.

"இது எவ்வளவு?"

பல மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. அவன் பதறிப்போய், "நீ சும்மா எடுத்துக்க மா" என்றான்.

"சும்மாவெல்லாம் எனக்கு வேணாம். வெல சொல்லுங்க."

"பத்து வெள்ளி."

"அலமாக்! பத்தா? மூலையெல்லாம் கரப்பான் தின்னிருக்கு. ரெண்டு வெள்ளி."

"நான் வாங்குனதே அறுவது வெள்ளி மா."

"வித்தவன் கெட்டிக்காரன். அதுக்கு நான் என்னா செய்யறது?"

பக்கத்துக் கடைக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எட்டு என்றான், இரண்டரை என்றாள். புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நாலடி போனாள், திரும்பி வந்தாள். அவனும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆறில் நின்று பிடிவாதம் பிடித்தான். கடைசியில் அவள் குரல் உடைந்துபோய்க் கத்தினாள்: "இருவது வருஷமா என்னைப் பாக்காம இதப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, அப்படி என்னா எழவு இதுல இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்! நாலு வெள்ளி, அதுக்கு மேல ஒரு காசு கிடையாது!"

நாலு வெள்ளிக்குக் கொடுத்தான். சில்லறை வாங்கும்போது அவன் கண் நிறைந்துவிட்டது, அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் மீன் கடைக்குப் போனாள். பதினோரு மணிக்குள் படுதா காலி. மலாக்காவுக்குப் போகவேண்டிய பஸ் ஒன்று வந்து நின்று பாதியை வாங்கிக்கொண்டு போனது. தமிழ் ஓரெழுத்தும் தெரியாத ஆ சோங் தமிழ்ப் புத்தகமாகப் பார்த்து மூன்று எடுத்துக்கொண்டார். பிரேமலா தன் புத்தகத்தை ஒரு வாரத்தில் படித்து முடித்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எதிரே உட்கார்ந்து சொன்னாள்: "காலைல வெள்ளனே எந்திரின்னு முந்நூறு பக்கம் சொல்றான். நான் எந்திரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

இப்போது ஜெயபாலன் ஞாயிறுதோறும் அதே இடத்தில் பழைய புத்தகக் கடை போடுகிறான், எல்லாவகைப் புத்தகமும் வைத்திருக்கிறான். பிரேமலா சில ஞாயிறு நின்று தையல் புத்தகமோ கதைப் புத்தகமோ எதையாவது சண்டை போட்டு வாங்குவாள், அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவன் படுதாவைச் சுருட்டிவிடலாம். பல ஞாயிறு அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்காது, கடந்து போய்விடுவாள், அன்றைக்கு ஈகூட வந்து உட்காராது. போன ஞாயிறும் அப்படித்தான் போனாள். எதிர்க்கடையிலிருந்து லியாக்கத் அலிக்குப் பொறுக்கவில்லை.

"கூப்பிடு லா ஜெயா! உன் சொந்தப் பொண்டாட்டிதான, ஒரு சத்தம் குடுத்தா என்னா?"

"வேணாம் பாய்" என்றான் ஜெயபாலன். "அவளுக்கு இன்னிக்கு மீன்தான் வேணும்."

மீன் கடையில் பேரம் ஆரம்பித்த சத்தம் கேட்டது. பதினோரு மணிக்குள் அங்கே ஐஸ் கட்டி வரைக்கும் விற்றுப்போயிற்று. ஜெயபாலன் ஒன்றுகூடக் குறையாத புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.