காந்தம் பிடித்த சாவி

லாரிக்காரர் வீட்டில் இடதுபக்க ஸ்பீக்கர் கனைக்கும். பாட்டில் மத்தளம் அடிமட்டத்துக்கு இறங்குகிற இடத்தில் மட்டும் 'க்ர்ர்' என்று, பேச வந்தவள் தொண்டையைச் சரிசெய்கிற மாதிரி. மனைவி இருந்த காலத்திலேயே அந்தக் கோளாறு உண்டு. அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. இப்போது அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் தலை தானாக அடுப்படிப் பக்கம் திரும்பிவிடுகிறது. ஒருநாள் "என்ன?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் பயம் வந்தது. இதைச் சரிபண்ணாவிட்டால் புத்தி பேதலித்துவிடும் என்று, ஸ்பீக்கரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்.

"வச்சிட்டுப் போங்க பெரியவரே. நாளைக்கு வாங்க," என்றார் மெக்கானிக்.

"எதுக்கு? நல்ல சாமானைக் கழட்டிட்டு ஓட்டைச் சாமானை மாட்டவா? என் கண்ணு முன்னாடி திற."

"திறக்கிறேன். கண்ணாடி போட்டுக்குங்க, இன்னும் நல்லாத் தெரியும்."

லாரிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ குடிக்க வண்டியை விட்டு இறங்கினாலும் தார்ப்பாய் முடிச்சை எண்ணிவிட்டு இறங்குகிற ஆள். யாரையும் நம்பிக் கெட்டதில்லை என்பது அவர் பெருமை.

மெக்கானிக், அடிச்சத்தம் எழுப்பும் வூஃபரின் காகிதக் கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தினார். உரசியது. திருகுகளைக் கழற்றி வூஃபரை வெளியே எடுத்தார். விளிம்பு நுரை காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. கூம்பில் நீளமாக ஒரு கிழிசல்.

"நுரைக்கு வயசாகிப் போச்சு, அது சகஜம். இந்தக் கிழிசல் வயசால வந்ததில்ல. இங்க பாருங்க."

காந்தத்தின் பக்கவாட்டில் ஒரு சாவி ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தின் இடைவெளி வழியாக அதன் பல் கூம்பைத் தொட்டபடி இருந்தது.

"முன்னாடி காத்துப் போற ஓட்டை இருக்கில்ல, அது வழியா விழுந்திருக்கு. காந்தம் கப்புனு புடிச்சுக்கிச்சு. மத்தளம் அதிரும்போதெல்லாம் உரசி உரசிக் கிழிச்சிருக்கு. எத்தனை வருஷமோ."

"பதினோரு வருஷம்," என்றார் லாரிக்காரர்.

சாவியின் தலையில் சிவப்பு நூல். அவர் கையால் சுற்றிய நூல்.

வெளியூர் லோடு போகும்போதெல்லாம் பீரோ சாவியை ஒளித்து வைத்துவிட்டுப் போவார். இடத்தையும் தடவைக்குத் தடவை மாற்றுவார். மனைவிக்கும் சொல்லமாட்டார். அந்தத் தடவை திரும்பி வந்து கடிகாரத்துக்குப் பின்னால் துழாவினால் சாவி இல்லை. வீட்டில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வந்து தங்கியிருந்தான். வேறு யார் எடுப்பார்? பூட்டை உடைத்துப் பார்த்தால் பீரோவில் ஒரு துணிகூடக் குறையவில்லை. "எடுக்கத்தான் சாவியைத் திருடினான், அதுக்குள்ள நான் வந்துட்டேன்" என்று சாதித்தார். அன்று படியிறங்கிய மச்சான் அக்காவின் சாவுக்குத்தான் மறுபடி படியேறினான்.

கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தது அதற்கு முந்தைய தடவை, அந்தத் தடவை வைத்தது ஸ்பீக்கர் ஓட்டையில் என்பது இப்போதுதான் உறைத்தது.

"புது நுரை ஒட்டி, கிழிசலுக்கும் தாள் ஒட்டிடறேன்," என்றார் மெக்கானிக். "பசை காயணும். இப்பவாவது வச்சிட்டுப் போறீங்களா?"

லாரிக்காரர் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மச்சானுக்குத் தையல்கடை. துணி வெட்டிக்கொண்டிருந்தான். பலகைமேல் சாவியை வைத்தார்.

"ஸ்பீக்கருக்குள்ள இருந்துச்சு. நான் வச்சதுதான்."

கத்தரி நிற்கவில்லை. "தெரியும் மாமா."

"தெரியுமா?"

"நான் போன மறுவாரமே அக்கா போன்ல சொல்லிட்டா. கூட்டறப்ப பெட்டியச் சாய்ச்சாளாம், உள்ள ஏதோ உருண்டு டப்புனு ஒட்டிக்கிச்சாம். டார்ச் அடிச்சா சிவப்பு நூல்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

லாரிக்காரருக்கு அது தெரியும். அக்காளும் தம்பியும் சேர்ந்து உள்ளே போட்டுவிட்டு நாடகம் ஆடுறீங்களா என்றிருப்பார்.

"'அவர் கையால திறந்து பாத்தாத்தான்டா நம்புவாரு'ன்னா அக்கா. அதுக்குத்தான் தினமும் அந்தப் பாட்டைப் போட்டா."

தினமும் சாயங்காலம், அதே பாட்டு. சத்தத்தைக் கூட்டி வைப்பாள். 'க்ர்ர்' என்றதும் அவர் முகத்தைப் பார்ப்பாள். "அந்தப் பாழாப்போன பெட்டிய நிறுத்துடி" என்பார். நிறுத்துவாள். மறுநாள் மறுபடி போடுவாள். பத்து வருஷம்.

"வீட்டுக்கு ஒருதடவை வந்துட்டுப் போ மச்சான்."

"யாரைப் பாக்க?" மச்சான் சாவியை அவர் பக்கம் தள்ளினான். "இதை மறக்காம எடுத்துட்டுப் போங்க. அப்புறம் காணோம்பீங்க."

மறுநாள் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டி, பாட்டைப் போட்டார். அந்த இடம் வந்தது. மத்தளம் பிசிறில்லாமல் இறங்கி, பிசிறில்லாமல் ஏறிப் போய்விட்டது. மெக்கானிக் ஏமாற்றவில்லை.

முதலிலிருந்து போட்டார். சத்தத்தைக் கூட்டினார். இந்தத் தடவை அதே இடத்தில் 'க்ர்ர்' என்று கேட்டது. எழுந்து போய் ஸ்பீக்கர்மேல் கை வைத்துப் பார்த்தார். அது கனைக்கவில்லை. கனைத்தது அவர்தான், பேச வந்தவர் மாதிரி.

அடுப்படியிலிருந்து "என்ன?" என்று யாரும் கேட்கவில்லை.