பேர் ஓடி முடியும் வரை

படம் முடிந்ததும் திரையில் கீழிருந்து மேலாகப் பெயர்கள் ஏறுமே, அதை ஒருவரும் பார்ப்பதில்லை. முதல் பெயர் தலைகாட்டுவதற்குள் விளக்கு எரியும், கதவு திறக்கும், துடைப்பத்தோடு ஆட்கள் உள்ளே வருவார்கள். மேலே ஆபரேட்டர் புரொஜெக்டரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தம்பியைப் போல ஒருவன் வீட்டில் இல்லாதவரை.

தம்பிக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. பார்சல் கம்பெனியில் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிற வேலை. தனக்கு ஆட்டிசம் என்று சின்ன வயதில் டாக்டர் சொன்னபோது "சரி" என்று கேட்டுக்கொண்டு, அவன் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அதைப் பற்றி இன்னமும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவர்கள் மற்றவர்கள்தான்.

படத்தில் அவனுக்கு முக்கியம் அந்தப் பெயர்கள். "பெட்டி மேல அனுப்பினவங்க பேரு இருக்கும்ல? அது மாதிரி இது. யாரு அனுப்பினாங்கன்னு பாக்காம எப்படி வாங்கிக்கிறது?" என்பான். ஆனால் தியேட்டரில் அவன் கடைசிவரை இருந்ததே கிடையாது. சத்தம் ஏறினால் அவன் தொண்டைக்குள் முனகுவான், கை படபடக்கும். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். பின்வரிசை "ஷ்ஷ்" என்னும். இடைவேளையில் மேனேஜர் வந்து, ரொம்ப மரியாதையாக, அவனையும் கூட வந்த அக்காவையும் வெளியே அனுப்பிவைப்பார். வீட்டில் டிவியில் போட்டாலோ, பெயர் ஓடும்போது அதைச் சுருக்கி மூலையில் ஒதுக்கிவிட்டு சோப்பு விளம்பரம் வரும்.

அதனால்தான் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் அக்கா அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். ஊரில் பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சேவை சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கென்று சிறப்புக் காட்சி வைத்திருந்தது. சத்தம் குறைவாக இருக்கும், விளக்கு பாதி எரியும், எழுந்து நடக்கலாம், முனகலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

"பேர் ஓடி முடியிற வரைக்கும் படம் ஓடுமா மேடம்?" என்று கேட்டாள்.

"உங்களுக்காகத்தானே பண்றோம் சிஸ்டர்!" என்றார் சங்கத்தின் செயலாளர் அம்மா.

அது பதில் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் வலிக்காது என்று சொல்கிற வேலை அவளுடையது. எந்தக் குரல் எதை மூடி மறைக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் தம்பியிடம், "கடைசிப் பேர் வரைக்கும் இருக்கலாம்டா" என்று சொல்லிவிட்டாள். அவன் அதைக் கேட்டு வைத்துக்கொண்டான். அவனிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். பிறகு சும்மா சொன்னேன் என்றெல்லாம் பின்வாங்க முடியாது.

தியேட்டர் வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் ஆகாதவர்களுக்கு நடத்தும் விழாவில் முரசை வைத்து வரவேற்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். சங்கத்தில் அது நிறைய இருந்தது. தம்பி காதுக்கு மேல் தடித்த கவசத்தை மாட்டிக்கொண்டு, "அக்கா, சத்தம் குறைவுன்னு சொன்னே" என்றான்.

"உள்ளேடா. உள்ளே குறைவு."

வந்தவர்களுக்கெல்லாம் நீல நிற பனியன் கொடுத்தார்கள். 'நானும் உங்களில் ஒருவன்' என்று நெஞ்சில் கொட்டை எழுத்து. அப்படி எழுதிய பனியனை, தங்களைப் பற்றி அந்தச் சந்தேகமே வராத சங்கத்தார் யாரும் போட்டுக்கொள்ளவில்லை. தலைவர் இஸ்திரி மடிப்புக் கலையாத பளீர் வெள்ளைச் சட்டையில் இருந்தார். தம்பியிடம் ஒரு பெண் பனியனை நீட்டினாள்.

"நான் சட்டை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றான் அவன்.

"அதுக்கு மேல போட்டுக்கலாம், கண்ணா."

"வேர்க்கும்" என்றுவிட்டு நகர்ந்தான். கண்ணா என்றதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா போட்டுக்கொண்டாள்.

படிக்கட்டருகே சக்கர நாற்காலியில் ஒரு வக்கீல் இருந்தார். கோர்ட்டில் வாயைத் திறந்தால் எதிராளி தண்ணீர் கேட்பார் என்று பெயரெடுத்தவர். சரிவுப் பாதை ஒன்று போடத் தோன்றாத தியேட்டரில், நாலு தொண்டர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். உடனே போட்டோக்காரர் கையை உயர்த்தினார்.

"சார், சரியா விழல. இன்னொரு தடவை?"

தொண்டர்கள் வக்கீலைத் திரும்பக் கீழே இறக்கினார்கள். இறக்கி, மறுபடியும் தூக்கினார்கள். இந்த முறை தலைவரும் சக்கரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, நான் என்ன பீரோவா?" என்றார் வக்கீல். "ஏத்தி இறக்கிப் பாத்துட்டு எந்த மூலையில போடலாம்னு யோசிக்கிறீங்களா?"

தலைவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பிறகு வக்கீலின் டிரைவரிடம் குனிந்து, "இவரு ஜூஸ் குடிப்பாரா?" என்று கேட்டார்.

"குடிப்பாரு. கடிக்கவும் செய்வாரு" என்றார் வக்கீல்.

உள்ளே நல்ல வேளையாகப் பேண்டு வரவில்லை. பேச்சு வந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, இவர்கள் கள்ளங்கபடமற்ற தெய்வக் குழந்தைகள் என்றார். குழந்தைகளில் பாதிப் பேருக்கு வழுக்கை. வக்கீலுக்கு அவரைவிட வயது அதிகம். தன் சங்கம் என்னென்ன செய்தது என்று அவர் விவரித்துக்கொண்டே போக, தியேட்டர் மேனேஜர் கதவோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். அடுத்த காட்சிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

"இவர் எப்ப முடிப்பாரு?" என்றான் தம்பி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"அதான் யாருக்கும் தெரியல" என்றார் வக்கீல் முன்வரிசையிலிருந்து.

ஒருவழியாகப் படம் போட்டார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்துக்காக அக்கா அவர்களை மன்னித்துவிடத் தயாராக இருந்தாள். அந்த இருட்டாகாத இருட்டில் ஒரு பெண் திரைக்கு அருகில் போய் நின்று படத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். யாரோ ஒருவர் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் தாமதமாக, தனியாக, விழுந்து விழுந்து சிரித்தார். சண்டைக் காட்சியில் தம்பி முனகினான், கைகள் படபடத்தன. அக்கா பழக்கதோஷத்தில் முன்வரிசையைப் பார்த்தாள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அவள் தோள் தானாகவே இறங்கியது. இத்தனை வருடமாக அதைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

படம் முடிகிற நேரத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்து தொண்டர்கள் சரசரவென்று மேடைக்குப் பரிசுப் பைகளைக் கடத்தினார்கள்.  அக்கா எழுந்து போய்ச் செயலாளர் அம்மாவைப் பிடித்தாள்.

"மேடம், பேர் ஓடணும்னு கேட்டிருந்தேனே."

"ஓடட்டுமே சிஸ்டர்! அப்பத்தான் பரிசு குடுத்துடலாம்னு இருக்கோம். அந்தப் பேரையெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"என் தம்பி பாப்பான். அதுக்காகத்தான் வந்திருக்கான்."

"அச்சோ, பாவம்" என்றார் செயலாளர் அம்மா, உண்மையான பரிவோடு. "அவருக்கே மொதல் பரிசு குடுத்துடலாம்."

"எதுக்குப் பரிசு?"

"வந்ததுக்கு!"

இந்த மாதிரிப் பரிவோடு மல்லுக்கட்ட முடியாது என்று அக்காவுக்குப் புரிந்தது. கொடுமைக்காரன் என்றால் முகத்துக்கு நேரே கேட்கலாம். இவர்கள் நம் காலை மிதித்துக்கொண்டு, வலிக்கிறதா கண்ணா என்று கன்னத்தைத் தடவுகிறவர்கள்.

கதாநாயகி ரயிலில் ஏறினாள், படம் முடிந்தது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தாக முதல் பெயர் ஏறத் தொடங்கியதும் மேலேயிருந்து ஒரு பெரிய பேனர் அவிழ்ந்து திரையின் மேல் விழுந்தது. சங்கத்தின் பேனர். தலைவர் பெயர், செயலாளர் பெயர், பொருளாளர் பெயர், துணைத் தலைவர்கள் பெயர், நன்கொடை தந்த கடைகளின் பெயர்கள், சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும். படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் அதன் மேல் விழுந்து, அந்த வண்ணக் குப்பைக்குள் காணாமல் போயின.

தம்பி எழுந்தான். விடுவிடுவென்று மேடை ஏறினான். பரிசு வாங்க வருகிறான் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவன் கவசத்தை இறுக்கிக்கொண்டு தலைவரிடம் கேட்டான்.

"இது படத்துல வேலை செஞ்சவங்க பேரா?"

"இல்லப்பா. இதெல்லாம் எங்க பேரு."

"நீங்க படத்துல என்ன வேலை செஞ்சீங்க?"

முன்வரிசையில் வக்கீல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தலைவர் புரியாமல், புரியாதபோதெல்லாம் செய்வதைப்போல, புன்னகைத்துக்கொண்டு மேடையின் நடுவுக்கு வந்து தம்பியைத் தன் பக்கம் இழுக்கக் கையை விரித்தார். அப்போதுதான் அது நடந்தது. புரொஜெக்டரின் வெளிச்சம் அவர் மேல் விழுந்தது. இடுப்பருகே ஒரு வரி முளைத்து, தொந்தியைக் கடந்து, நெஞ்சில் ஏறியது. பளீர் வெள்ளைச் சட்டையில் கறுப்பு எழுத்து, அச்சடித்த மாதிரி.

தம்பி அப்படியே நின்றான். பிறகு ஒரு எட்டு கிட்டே வந்தான்.

"அசையாதீங்க" என்றான்.

"பாத்தீங்களா!" தலைவர் நெகிழ்ந்துபோனார். "எங்கிட்ட எப்படி ஒட்டிக்கிட்டான் பாருங்க!"

மேனேஜர் மேலே பார்த்து, அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். அக்கா அதைப் பார்த்தாள். ஆபரேட்டரின் விரல் பொத்தானுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரே ஒரு மனிதரின் பேச்சுக்குத்தான் அந்த விரல் நிற்கும். அந்த மனிதர் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் மயங்குவார். அவள் கிளினிக் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மேடையோரம் போனாள்.

"சார், அந்த வெளிச்சம் உங்க மேல விழறது ஒரு தனி அழகா இருக்கு. அணைச்சுட்டா போட்டோ எடுபடாது."

தலைவர் நிமிர்ந்தார். "மேனேஜர்! லைட்டை அணைக்காதீங்க. போட்டோ முடியட்டும்."

"பிளாஷ் போடாதீங்கண்ணே" என்றாள் போட்டோக்காரரிடம். அவர் எடுத்தார்.

"சார், கண்ணை மூடிட்டீங்க" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை."

எடுத்தார்.

"இப்ப கை மறைக்குது. இன்னொண்ணு."

"நெஞ்சை நிமித்துங்க சார்!" வக்கீலுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "இவ்ளோ பெரிய மனுஷன் கூன் போட்டா நல்லாவா இருக்கு? போட்டோக்காரரே, ஒரு போட்டோவோட முடிச்சுடாதீங்க. என்னையே ரெண்டு தடவை தூக்கினாங்க."

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். துணி இழுபட்டு மடிப்பில்லாமல் ஆனது. தம்பி வெளிச்சத்தை மறைக்காமல் சற்று ஒதுங்கி, அவர் நெஞ்சைப் பார்த்து நின்று, ஒவ்வொரு வரியாக முணுமுணுப்பாய்ப் படித்தான். ஒப்பனைக்காரர்கள். தச்சர்கள். லைட் தூக்கியவர்கள். சாப்பாடு கொண்டுவந்தவர்கள். வேன் ஓட்டியவர்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் கீழே வந்த பெயர்களை ஒன்று விடாமல். தலைவரின் புன்னகை கன்னத்தில் வலியெடுத்து நடுங்கத் தொடங்கியது. இருந்தாலும் விடவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் செய்தவற்றில் உருப்படியானது, இப்படிச் சும்மா நின்றதுதான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கடைசி வரி அவர் கழுத்தில் ஏறி, மோவாயில் வளைந்து, மறைந்தது. சட்டை வெறும் வெள்ளையானது.

"முடிஞ்சுது" என்றான் தம்பி. திரும்பி, நீட்டிய பரிசுப் பையைத் தாண்டி, படியிறங்கி நடந்தான். அவன் கை படபடத்துக்கொண்டிருந்தது, ஆனால் முனகவில்லை. கூடத்தின் நடுவில் நின்று அக்காவைப் பார்த்தான். "கடைசிப் பேர் வரைக்கும்" என்றான். அவ்வளவுதான்.

"அவனுக்குப் பேச்சே வரலம்மா, பாருங்க" என்று தலைவர் செயலாளர் அம்மாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. தலைவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார், எதிரில் ஒருவன் தலை குனிந்து நிற்கிறான். 'அன்பின் முன் கைகூப்பிய தருணம்' என்று கீழே போட்டிருந்தார்கள். தம்பி யாரையும் பார்த்துக் கைகூப்பவில்லை. அவன் கை அந்த நேரம் பாக்கெட்டில் இருந்தது, அதுவும் படத்தில் தெரிந்தது. பொய் சொல்லவும் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டாமா? அக்கா பேப்பரைக் கசக்கப் போனாள்.

தம்பி அதை வாங்கி மேஜையில் நீவி வைத்தான். தலைவரின் சட்டையில் விரலை ஊன்றிப் பார்த்தான்.

"இது துணி தைச்சவங்க பேரு. பாதிதான் தெரியுது."

"அது கிடக்கட்டும்டா."

அவன் சட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அக்கா, அடுத்த படத்துக்கும் இவரைக் கூப்பிடலாமா?"

"இந்த ஆளையா? எதுக்கு?"

"சட்டை நல்ல வெள்ளை" என்றான் தம்பி.