ஒரு சிட்டிகை மணல்

"திங்கக்கெளம வந்துருங்கண்ணே. நீங்க இல்லாம நாலு வருசமா எனக்குச் சோறு எறங்கல" என்றான் செல்லப்பாண்டி, பைக்கை விட்டு இறங்காமலே.

"எறங்காமத்தான் தொப்பை இம்புட்டு வளந்துருக்கோ?" என்றார் மணிமுத்து.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே மூச்சு வாங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, வாயைக் குவித்து ஊதி ஊதி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். செல்லப்பாண்டி பைக்கின் கண்ணாடியைத் துடைப்பதுபோல வேறு பக்கம் பார்த்தான்.

"புதுசா வந்தவன் கலவையில கைய வச்சாலே எனக்குக் குலை நடுங்குதுண்ணே. சீசன் ஆர்டர் வேற குவிஞ்சு கெடக்கு. பழையபடி மருந்து ரூம்ல நீங்களும் நானும் மட்டுந்தான். மெதுவாக் கலக்கலாம். என்ன மதினி, அண்ணனை அனுப்புறீகளா?"

உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மாரிச்செல்விக்கு ஆற்றுகிற கை அப்படியே நின்றது.

"அவுக கையி, அவுககிட்டக் கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மருந்து ரூம் என்றால் பட்டாசு மருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் சலித்துக் கலக்குகிற அறை. கம்பெனிக் கட்டடங்களை விட்டு விலகித் தனியாக நிற்கும். அதற்குள் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. கலவையில் ஒரு மணல் கிடந்து உரசினால் போதும், அந்த இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள். அந்த ஒரு மணலை விரலால் தடவியே கண்டுபிடிக்கிற ஆள் என்று திருத்தங்கல் வட்டாரத்தில் மணிமுத்துவுக்குப் பேர் இருந்தது. கொரோனா இரண்டாம் அலை வரைக்கும் இருந்தது.

பைக் போனதும் மாரிச்செல்வி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"போறீகளா?"

"பின்னே?"

"விரலு?"

"விரலுக்கு என்ன?"

"போன வாரம் டம்ளரு சுட்டுக் கொப்புளிச்சதே."

"அது சுண்ணாம்பு பட்டது."

"நீங்க வெத்தலையே போடுறதில்லையே!"

அவர் டம்ளரை எடுத்து ஒரே வாயில் குடித்தார். ஆவி பறந்த காப்பி.

"ஏ செல்வி, நான் பொழச்சதுக்கு நீ இருக்கன்குடியில முடி குடுத்தே. பொழச்சவன் என்ன செய்யணும்னு ஆத்தாகிட்ட கேட்டியா? நாலு வருசமா இந்த ஃபேனைப் பாத்துக்கிட்டே கெடக்கேன்."

மதுரை ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு நாள் கிடந்தார். தொண்டையில் குழாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பார்த்தபோது மனிதர் மரக்கட்டை மாதிரி இருந்தார். குழாயை எடுத்த பிறகும் அப்படித்தான். "கைகால அசைங்க, அசைச்சாத்தான் தேறும்" என்று நர்ஸ் கெஞ்சியும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்துத்தான் அவளிடம் சொன்னார்.

"மருந்து ஏறிக்கிட்டிருக்கு, அசையாதீகன்னு அந்தப் புள்ள முதல்ல ஒருநா சொல்லுச்சு செல்வி. நான் மருந்துன்னா நம்ம மருந்துன்னு நெனச்சுட்டேன். சுத்திக் கட்டிலு கட்டிலா எம்புட்டுப் பேரு கெடந்தாக! நான் அசைஞ்சா அம்புட்டுப் பேரும் போயிருவாகன்னு மூச்சடக்கிக் கெடந்தேன்."

அப்போது அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் அதை நினைத்து அவள் சிரித்ததே இல்லை. நுரையீரல் பாதி சுருங்கியதும், நரம்பு செத்து விரல் மரத்ததும் எக்ஸ்ரேயிலும் சீட்டிலும் எழுதி வந்தன. விரலை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களி கிண்ட அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டா இங்கன. சல்லடை பிடிச்சு எம்புட்டு நாளாச்சு."

வாங்கிச் சலித்தார். மணிக்கட்டு பழைய மாதிரியே சுழன்றது. பார்க்கப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது. பத்துச் சுற்றுக்குள் இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக் குனிந்து இருமினார். வாசலில் வீடு பூசக் கொட்டியிருந்த மணலில் ஒரு சிட்டிகையை அவள் காலையிலிருந்தே முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். சலித்த மாவில் தூவிக் கலக்கிவிட்டாள்.

"தடவிப் பாருங்க. களிக்குச் சரியா இருக்கா?"

மாவை அள்ளி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். மூன்று தடவை அள்ளினார்.

"பட்டு மாதிரி இருக்கு. ஒரு குருணை இல்லை. இப்ப என்ன சொல்றே?"

அவள் அந்த மாவிலேயே களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். முதல் வாயிலேயே பல்லில் நறுக்கென்றது. மென்றவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார்.

"எம்புட்டுப் போட்டே?"

"ஒரு சிட்டிகை."

"எப்ப?"

"நீங்க இருமுனப்ப."

அடிப்பார் என்றோ, வட்டிலைத் தூக்கி எறிவார் என்றோ நினைத்தாள். அவர் அடுத்த உருண்டையை உருட்டினார். நறநறவென்று மென்று, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் முழுவதையும் தின்று எழுந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும், மருந்து ரூமுக்கென்று வைத்திருந்த, ஊக்கு கொக்கி எதுவும் இல்லாத பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவர் வாயைத் திறக்காவிட்டால் தானே விரல் சங்கதியைச் சொல்லிவிடுவது என்று மாரிச்செல்வி நிலைப்படியில் வந்து நின்றாள். பைக் வந்தது.

"ஏறுங்கண்ணே."

"ஏலே செல்லப்பாண்டி, என் விரலுக்கு மணல் தெரியலலே."

"அட, கைய வச்சா தன்னால பழகிரும்ணே."

"நான் பழகுறதுக்குள்ள நீ இருக்க மாட்டலே."

செல்லப்பாண்டி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. வண்டியை அணைத்தான்.

"அப்ப நான் வரட்டாண்ணே?"

"போ. அந்தப் புதுப் பையனைக் கண்ணை மூடிட்டுத் தடவச் சொல்லு. கண்ணு தொறந்திருந்தா விரலு சோம்பிரும்."

பைக் சத்தம் தெரு முக்கு திரும்பி மறைந்தது. மணிமுத்து உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலில் சாய்ந்தார்.

"அங்கன அசையாமக் கெடந்தேன்ல. இங்கனயும் அப்பிடியே கெடக்க வேண்டியதுதான்" என்றார், ஃபேனைப் பார்த்து.

அவள் காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் டம்ளருக்குக் கையை நீட்டினார். பாதியில் கை நின்றது.

"சுடுதா?" என்று கேட்டார்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். மாரிச்செல்வி டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுது. செத்தப் பொறுங்க" என்று சொல்லி, அது ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.