ஊரில் இல்லாதவர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘அங்கெல்லாம்’. கடைக்குள் யார் நுழைந்தாலும், பவர் பார்ப்பதற்கு முன்பே, “அங்கெல்லாம் தெருவுல ஒரு துண்டுக் காகிதம் பாக்க முடியாதுங்க” என்று ஆரம்பித்துவிடுவார். கடையில் மிஞ்சியதையெல்லாம் டிக்கெட்டுக்குக் கொட்டி, வருடம் தவறாமல் ஒரு வெளிநாட்டுக்குப் போய்வந்தார். முதல் பயணத்தில் மழைக்கு ஒதுங்கிய ரொட்டிக்கடையில் அதன் முதலாளி பழக்கமானார். அதற்கப்புறம் அவர் இவரை விடுதியில் தங்கவிட்டதே இல்லை. மாடியில் ஓர் அறை, காலையில் அடுப்புச் சூட்டோடு ரொட்டி, மாலையில் ஆற்றங்கரை நடை. அந்த மொழியையே அவர்கள் சமையலறையில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார்.

கற்ற மொழியில் அளந்ததெல்லாம் பொய். தோட்டம் வைத்த வீடு, ஊர் முழுக்கக் கடைகள். “உங்க சம்சாரத்தை ஏன் கூட்டிட்டு வரலை?” என்று ரொட்டிக்காரரின் மனைவி கேட்கும்போதெல்லாம், “அவளுக்கு பிளேன் ஒத்துக்காது” என்பார். வீட்டில் அவர்கள் கூப்பிட்ட பேச்சையே எடுத்ததில்லை.

ஒருநாள் ரொட்டிக்காரர் போன் செய்தார். “நாங்க ரெண்டு பேரும் உன் ஊருக்கே வந்துட்டோம்!”

கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை வீட்டை இவர் திரும்பிப் பார்த்தார். கொடி நிறையத் துணி, காரை பெயர்ந்த சுவர். “அடடா, நான் வெளியூர்ல இருக்கேனே. வர ஒரு வாரமாகும்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் லென்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் வாடகைக் கார். உள்ளே பாயில் காலை மடக்கத் தெரியாமல் நீட்டி உட்கார்ந்திருந்தார் ரொட்டிக்காரர். பக்கத்தில் அவர் மனைவி, இவர் மனைவியின் கையைப் பிடித்தபடி. இரண்டு மொழியும் தெரிந்த கார் டிரைவர் நடுவில்.

“வாங்க சார்” என்றார் டிரைவர். “நீங்க செஞ்சு குடுத்த கண்ணாடிக் கூட்டுல அட்ரஸ் இருந்துச்சு. நீங்க இல்லேன்னாலும் அக்காவையாவது பாத்துட்டுப் போகணும்னாங்க.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “வருஷா வருஷம் கூப்பிட்டாங்களாமே, பிளேன்ல ஏறினா உங்களுக்கு ஒத்துக்காதாமே, அப்படியாக்கா?”

மனைவி கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். விருந்தாளிகள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“ஆமாம்னு சொல்லுங்க” என்றாள் டிரைவரிடம்.

ரொட்டிக்காரர் எழுந்து இவரைக் கட்டிக்கொண்டார். “சீக்கிரமே திரும்பிட்டியா, நல்லதாப் போச்சு!” வெளியூரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தோட்டம் எங்கே என்றும் தேடவில்லை. சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவருக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கார் போனதும் மனைவி பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். இவர் பக்கத்தில் போய் நின்று, “அடுத்த தடவை ரெண்டு பேருமா போவோம்” என்றார்.

“அவங்க கூப்பிட்டது என்னை. நான் போயிட்டு வரேன். நீங்க கடையைப் பாத்துக்கங்க.”

அந்த டிரைவரிடமே அவர்கள் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, சொன்னபடியே போனாள். இறங்கிய அன்று அவளே போன் செய்தாள். “நல்லபடியா வந்து சேந்துட்டேன்.” பின்னாலிருந்து ரொட்டிக்காரரின் குரல் கேட்டது. அவன் ஏன் வரவில்லை என்று அவளிடம் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று கேட்கத் துணிவில்லாமல் இவர் போனை வைத்துவிட்டார்.